மௌனம், நிமிடத்துக்கு இருநூறு

ஒரு நிமிட மௌனத்தின் விலை இருநூறு. பேச்சு இலவசம்.

இந்த விலையைச் சொன்னவர் திரைத்துணிக் கடைக்காரர். சொல்லும்போது கண் இமைக்கவில்லை. "பேசறது எனக்குத் தொழில்மா. காலைல ஷட்டரத் தூக்கினா சாயங்காலம் இறக்கற வரைக்கும் வாய் ஓயாது. அதுக்குத் தனியா என்ன வாங்கறது? ஆனா வாயை மூடிக்கிட்டு நிக்கச் சொல்றீங்க பாருங்க, அது நஷ்டம். அதுக்குப் போட்டுத்தான் ஆகணும்."

எதிரே நின்றவள் நாடக இயக்குநர். குட்டை முடி, தோளில் ஜோல்னாப் பை, அதில் பாதி வெளியே நீட்டிக்கொண்டு ஒரு கட்டுக் காகிதம். சிரிக்காமல் கேட்டாள்: "நாடகத்துல மொத்தம் மூணு நிமிஷ மௌனம் இருக்கு. அப்போ அறுநூறு. கொஞ்சம் குறைக்க மாட்டீங்களா?"

"என் கையில என்னம்மா இருக்கு? உள்ள முதலாளிகிட்ட ஒரு வார்த்தை..." என்று சொல்லிக்கொண்டே அவர் பாதி திரும்பிவிட்டார். திரும்பியவர் அப்படியே நின்றார். இவளிடம் அந்த நாணயம் செல்லாது என்பது அப்போதுதான் உறைத்தது.

ஏன் செல்லாது என்றால், போன வாரம் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

கடைக்காரருடைய கடை நீளமானது, அகலமில்லாதது. இரண்டு பக்கமும் துணி உருளைகள் கூரை வரை. கடைசியில் ஒரு பழுப்புத் திரை. அந்தத் திரைக்குப் பின்னால் முதலாளி இருந்தார். முதலாளியை யாரும் பார்த்ததில்லை, கேட்டிருக்கிறார்கள். கனத்த, சளி கட்டிய, எச்சில் கையால் காக்கா ஓட்டாத குரல். வாடிக்கையாளர் விலையைக் குறைக்கச் சொன்னால் கடைக்காரர் முகத்தைச் சுருக்கிக்கொண்டு உள்ளே போவார். வெளியே நிற்பவர்களுக்குப் பேச்சு நன்றாகக் கேட்கும்.

"முதலாளி, பாவம், புது வீட்டுக்குக் குடி போறாங்க. பதினெட்டு ஜன்னலாம்."

"பதினெட்டு ஜன்னல் வைக்கத் தெரிஞ்சவனுக்குப் பத்து ரூபா கூடக் குடுக்கத் தெரியாதா? நீ இப்படியே அள்ளிக் குடு. நாளைக்கு நான் தெருவுல நிக்கிறேன்!"

"இந்த ஒரு தடவை, முதலாளி..."

"தொலை!"

பிறகு கடைக்காரர் நெற்றியைத் துடைத்தபடி வெளியே வருவார். மீட்டர் நூற்றைம்பது சொன்ன துணி நூற்றிருபதுக்கு இறங்கியிருக்கும். அதன் அடக்கவிலை என்ன என்பது நமக்கு வேண்டாம். வாங்குகிறவர்களுக்கு விலை குறைந்த சந்தோஷத்தைவிட இந்த மனிதர் தமக்காகத் திட்டு வாங்கினாரே என்ற வருத்தம்தான் அதிகமாக இருக்கும். "ஏங்க, இந்த ஆளுகிட்ட எத்தனை காலத்துக்கு மாரடிப்பீங்க? என் மச்சான் கடையில ஆள் கேக்கறாங்க, சொல்லட்டுமா?" என்று ஓர் அம்மாள் உண்மையாகவே கேட்டாள். அன்று கடைக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. அதுவும் உண்மையாகத்தான்.

திரைக்குப் பின்னால் இருந்தது ஒரு முக்காலி, ஒரு கணக்குநோட்டு, ஓடாத மின்விசிறி. கடையும் அவருடையது, குரலும் அவருடையது.

ஏமாற்ற வேண்டும் என்று தொடங்கியதல்ல இது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன் கடை திறந்த முதல் மாசம் அவரால் யார் முகத்தையும் பார்த்து 'முடியாது' என்று சொல்ல முடியவில்லை. கேட்ட விலைக்கெல்லாம் கொடுத்து, மாசக் கடைசியில் வாடகைக்குத் துண்டு விழுந்தது. அப்போதுதான் முடியாது என்று சொல்வதற்கென்றே ஓர் ஆளை உள்ளே உட்கார வைத்தார். 'ஆகட்டும்' எல்லாம் வெளியே நிற்பவன் கணக்கு, 'ஆகாது' எல்லாம் உள்ளே இருப்பவர் கணக்கு. சாயங்காலம் ஷட்டரை இறக்கிய பிறகு மிச்சம் மீதி இருப்பது மாடிக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கும்.

இயக்குநர் போன வாரம் வந்தது நாற்பது மீட்டர் கறுப்புத் துணி வாங்க. மேடையின் பின்சுவரை மறைக்க. பேரத்தில் அவள் பழம் தின்று கொட்டை போட்டவள். கடைக்காரரை மூன்று தடவை உள்ளே அனுப்பினாள். மூன்றாவது தடவை, முதலாளி உச்சக் குரலில் ஏறிக்கொண்டிருந்தபோது, அவள் நடந்து வந்து திரையை விலக்கிவிட்டாள். இருபத்திரண்டு வருஷத்தில் யாருக்கும் தோன்றாத காரியம்.

கடைக்காரர் முக்காலிக்கு எதிரே கைகட்டி நின்றுகொண்டிருந்தார். முக்காலி காலி. வாய் மட்டும் 'நாசமாப் போ' என்பதில் பாதி திறந்திருந்தது.

அவள் கத்தவில்லை, கேலி செய்யவில்லை. "நிறுத்தாதீங்க. முடிச்சுட்டு வாங்க," என்று சொல்லித் திரையை மூடிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். இப்போது மறுபடி வந்து, தன் நாடகத்தில் நடிக்க வேண்டும் என்கிறாள். ஒரே ஆள், ஒரே நாற்காலி, ஒரு விளக்கு. நாற்பது நிமிஷம். பூட்டிய அறைக்குள் இருக்கும் ஒருவன் தான் யார் என்று தன்னையே கேட்டுக்கொள்கிறான். கதை அவ்வளவுதான்.

கடைக்காரர் காகிதங்களைப் புரட்டினார். பக்கத்துக்கு நாலு வரி. மீதியெல்லாம் வெள்ளை. மௌனம் வருகிற இடங்களில் ஒரு வட்டம்.

"இவ்வளவு வெத்துத் துணி விட்டுத் தைச்சா கட்டுப்படியாகுமாம்மா?"

"அந்த வெத்து இடத்துக்குத்தான் சார் நீங்க."

அறுநூறுக்குப் படிந்தது. முதலாளியைக் கேட்காமல் அவர் செய்த முதல் வியாபாரம் அது.

ஆனால் அறுநூறுக்காக அவர் ஒப்புக்கொண்டார் என்று நினைத்தால் அது தப்புக் கணக்கு. காரணம் மாடியில் இருந்தது. சரியாகச் சொன்னால், மாடியில் இல்லாமல் இருந்தது.

ஏழு மாசமாக மனைவி தன் தங்கை வீட்டில். கடைக்காரருக்கு அண்ணன் தம்பி அக்காள் தங்கை யாரும் கிடையாது. சண்டை எதுவும் நடக்கவில்லை. ஒருநாள் சாப்பிடும்போது மனைவி, "ஒரு நாலு நாள் கடல் பக்கம் போயிட்டு வரலாமா? நம்ம ரெண்டு பேர் மட்டும்," என்றாள். கல்யாணமான இருபத்து நாலு வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது அது ஒன்றுதான். கடைக்காரர் கையை அலம்பினார். "இரு, கேட்டுட்டு வரேன்," என்றார். உள்ளறைக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, "இந்த மாசம் வேண்டாம்னுட்டாரு," என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே கேட்டது.

மனைவி தட்டை எடுத்து வைத்தாள். "இந்த வீட்ல நீங்க, நான், ரெண்டே பேருன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்," என்றாள். மறுநாள் பெட்டியோடு கிளம்பும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னாள்: "அவரு இல்லாத நேரமாப் பார்த்து எனக்கு ஒரு போன் பண்ணுங்க. வந்துடறேன்."

நாலைந்து தடவை போன் செய்தார். ஒவ்வொரு தடவையும் அவள் ஒரே கேள்விதான் கேட்டாள்: "யாரு பேசறது?"

முதல் தடவை, "நான்தாம்மா, உனக்காக எப்படியாவது பேசி முடிச்சுடறேன்," என்றார். அது கடையில் நிற்பவன். அவளே வைத்துவிட்டாள். அடுத்த தடவை கோபம் வந்து, "வர்றதுன்னா வா, வராட்டி போ," என்றார். அது முக்காலியில் இருப்பவர். அதற்குப் பிறகு அவள் 'யாரு' என்றதும் இவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். மூன்றாவதாக ஒரு குரல் உள்ளே எங்கேயோ இருக்க வேண்டும் என்று தோன்றியது. அடுக்கில் எந்தத் தட்டில் வைத்தோம் என்றுதான் தெரியவில்லை.

ஒத்திகை, வாகனப் பட்டறை ஒன்றின் மேல்தளத்தில். கீழே இரும்பு தட்டும் ஓசை. மேலே நாற்காலியில் கடைக்காரர்.

"இந்த அறையில் ஒரு நாற்காலி இருக்கிறது," என்றார். "நாற்காலியில் ஒருவன் இருக்கிறான். அவன் நான் என்று சொல்கிறார்கள். சொல்கிறவர்கள் யாரும் இங்கே இல்லை."

இயக்குநர் கையைத் தூக்கினாள். "நாற்காலிய விக்கறீங்க சார். நல்ல தேக்குன்னு சொல்லாததுதான் பாக்கி."

மறுபடி சொன்னார்.

"இப்போ உள்ள இருக்கறவரு வந்துட்டாரு. நாற்காலி பயந்துபோச்சு. உங்க குரல்ல சொல்லுங்க."

"அது ஸ்டாக்ல இல்லம்மா."

அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். "அப்போ வரவழையுங்க. பதினஞ்சு நாள் இருக்கு."

கடைசி வரியில் இன்னொரு தொல்லை. அறையில் இருப்பவன் விளக்கை அணைப்பதற்கு முன் அறையில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கிறான். "ஒன்று" என்கிறான். அதோடு நாடகம் முடிகிறது. கடைக்காரர் 'ஒன்று' என்பார். அதற்குள் கை தானாக நீளும், அடுத்த மீட்டரை அளக்க, வாய் 'ரெண்டு' என்றுவிடும். ஒத்திகைதோறும் அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருநாள் நாலு வரை போய்விட்டார்.

இதற்கு நடுவில் கடையில் நிலைமை மோசமானது. ஒரு பெரியவர் நீலத்துணி பன்னிரண்டு மீட்டர் எடுத்து, விலையைக் குறைக்கச் சொன்னார். கடைக்காரர் வழக்கம்போல் உள்ளே போனார். முக்காலிக்கு எதிரே நின்றார். கேட்டார். பதில் வரவில்லை. முதலாளியின் குரலுக்காகத் தொண்டையைச் செருமினார். செருமல் மட்டும் வந்தது. சரி, கொஞ்சம் உட்காரலாம் என்று முக்காலியில் உட்கார்ந்தார். அதுதான் பிசகு. இருபத்திரண்டு வருஷத்தில் அந்த முக்காலியில் அவர் உட்கார்ந்ததே இல்லை.

வெளியே வந்தபோது நடையே வேறாக இருந்தது. பெரியவரை மேலும் கீழும் பார்த்து, "என்ன வேணும்?" என்றார்.

பெரியவர் ஓர் அடி பின்வாங்கினார். "இல்லைங்க... உள்ள போனாரே, அந்தத் தம்பி... கேட்டுட்டு வரேன்னாரு."

"அவனை வேலையவிட்டு எடுத்துட்டேன்."

"ஐயோ, எனக்காகக் கேக்கப்போய்த்தானா? நான் சொன்ன விலைக்கே வாங்கிக்கறேங்க. அவரை விட்டுடாதீங்க, நல்ல மனுஷன்."

சொன்ன விலைக்கே வாங்கிக்கொண்டு போய்விட்டார். வியாபாரம் அமோகம். ஆனால் கடைக்காரர் அன்று மாடிக்குப் போய், வேலை போனவனைப் போல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வேலை போனது யாருக்கு, எடுத்தது யார், இரண்டு பேரும் போய்விட்டால் சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவி வைக்கப்போவது யார் என்று எதுவும் பிடிபடவில்லை. பாத்திரம் மறுநாள் வரை அப்படியே கிடந்தது.

எதிர்சாரியில் சாவி வெட்டுகிற கடை. திரைக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று தெரிந்த ஒரே அக்கம்பக்கத்து ஆள் சாவிக்காரர்தான். தினமும் காலையில், "என்னண்ணே, ரெண்டு பேரும் சௌக்கியமா?" என்று கேட்பார். மறுநாளும் கேட்டார்.

"ஒருத்தரையும் காணோம்யா," என்றார் கடைக்காரர்.

சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்தார். முகத்தைப் பார்த்தார். மேற்கொண்டு கிண்டல் செய்யவில்லை. கடைக்காரர் நாடக நோட்டீஸ் ஒன்றை மேசைமேல் வைத்தார். "இதை அவகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. நான் போன் பண்ணா யாருன்னு கேப்பா. நீ பேசேன்."

சாவிக்காரர் அங்கேயே நின்று போன் போட்டார். "அண்ணி, நான்தான் எதிர்க்கடை. அண்ணன் நாடகத்துல நடிக்கறாரு. ஆமாங்க. சத்தியமா. வர வெள்ளிக்கிழமை, ஆறரை மணிக்கு." பிறகு கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, நோட்டீஸைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "ஒருத்தர் மட்டும் நடிக்கறதுன்னுதான் அண்ணி போட்டிருக்கு."

போனை வைத்தார்.

"என்ன கேட்டா?"

"மேடையில எத்தனை பேருன்னு கேட்டாங்க."

"வராளாமா?"

"பார்க்கறேன்னாங்க."

வெள்ளிக்கிழமை. பட்டறை மேல்தளத்தில் நாற்பத்தொரு நாற்காலி, மேடையில் இருப்பதைச் சேர்க்காமல். பின்சுவரில் அவரே அளந்து கிழித்துக் கொடுத்த கறுப்புத் துணி. அதற்குப் பின்னால் செங்கல்சுவரும் ஒரு மணல் வாளியும்தான் என்று அவருக்குத் தெரியும். விளக்கு முகத்தில் அடித்ததும் எதிரே ஒரு முகமும் தெரியவில்லை. யாரென்று பார்க்காமல் எந்தக் குரலில் பேசுவது? ஆளைப் பார்த்துத்தானே விலை?

ஆனாலும் பேசினார். அறை, நாற்காலி, ஒருவன். சொற்கள் சொற்களாகப் போயின. முதல் வட்டம் வந்தது. ஒரு நிமிடம். மனசுக்குள் அறுபது வரை எண்ணி, சரக்கைச் சரியாக நிறுத்துக் கொடுத்தார்.

அடுத்த வரி: "கதவுக்கு அந்தப் பக்கம் யார்?"

அங்கே இரண்டாவது வட்டம். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் கழுத்து தானாகத் திரும்பியது. உடம்பெல்லாம் அந்தக் கறுப்புத் துணியின் பக்கம். கைகட்டிக்கொண்டார். முகத்தைச் சுருக்கிக்கொண்டார். பதிலுக்காக நின்றார்.

பதில் வரவில்லை. கடையாக இருந்தால் அவரே உள்ளே போய் அதைச் சொல்லிவிட்டு வந்திருப்பார். இங்கே உள்ளே என்று ஓர் இடமே இல்லை. 'முதலாளி' என்று கூப்பிட உதடு பிரிந்தது. காற்றுகூட வரவில்லை. அறுபது எப்போதோ தாண்டியிருக்க வேண்டும். எண்ணிக்கை கைவிட்டுப் போய்விட்டது. முதலாளியைத்தான் முக்காலியில் உட்கார்ந்த அன்றே காணோம். மற்றவனை வேலையைவிட்டு எடுத்தாயிற்று. அப்படியானால் இப்போது விளக்கடியில் வேர்த்துக்கொண்டு நிற்பது எவன்? இந்தச் சட்டை யாருடையது? எதிரில் நாற்பத்தொரு பேர் இவனுக்கா டிக்கெட் வாங்கினார்கள்?

இருட்டில் ஒரு சத்தம். 'டிக்'. பிறகு மறுபடி, 'டிக்'. கைப்பையின் கொண்டியைத் திறந்து மூடுகிற சத்தம்.

மனைவி கடைக்கு வந்து உட்கார்ந்திருக்கும் நாட்களில், இவர் உள்ளே போய் முதலாளியோடு மல்லுக்கட்டுகிறபோதெல்லாம், வெளியே பொறுமை கெட்டு அந்தச் சத்தம் கேட்கும். அது அவளாக இருக்கலாம். கொண்டி வைத்த கைப்பை ஊரில் ஆயிரம் இருக்கும், யாராகவும் இருக்கலாம். மூன்றாவது தடவை கேட்குமா என்று காத்திருந்தார். கேட்கவில்லை.

அவர் திரும்பினார். இருட்டைப் பார்த்தார்.

"நாலு நாள்," என்றார்.

அந்தக் குரலைக் கேட்டு அவரே திடுக்கிட்டார். மெல்லியதாக, நடுவில் கொஞ்சம் கீறல் விழுந்து, யாரோ பக்கத்து வீட்டிலிருந்து பேசுவதுபோல் இருந்தது.

"கடல் பக்கம். போலாம். யாரையும் கேக்க வேண்டியதில்ல."

நாடகத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. இருட்டில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். அந்த உறிஞ்சல் காதில் விழுந்ததும் கடைக்காரருக்குள் ஏதோ ஒன்று, 'அடேயப்பா, படிஞ்சுடுச்சு' என்று கணக்குப் போட்டது. அப்படியானால் இதுவும் ஒரு சரக்குதானா? புதிதாக ஒருவனை வேலைக்கு வைத்துக்கொண்டோமா? அல்லது இவன்தான் முதலிலிருந்தே இருந்தவனா? தெரியவில்லை. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மீதி வரிகளைச் சொன்னார். எந்தக் குரலில் என்று கவனிக்கக்கூடத் தெம்பு இல்லை. கடைசியில் எண்ணிப் பார்க்கிற இடம் வந்தது. "ஒன்று," என்றார். கை நீண்டதா என்று பிறகு எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. விளக்கு அணைந்தது.

கைதட்டினார்கள். கூட்டம் மாடிப்படியில் இறங்கியது. நாற்காலிகளுக்கு நடுவில் ஒருத்தி மட்டும் நின்றாள், கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. மனைவிதான். ஏழு மாசத்தில் கொஞ்சம் இளைத்திருந்தாள். அல்லது இவர்தான் இதுவரை சரியாகப் பார்த்ததில்லையோ என்னவோ.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"இன்னும் இல்லை."

அவள் மேடையைப் பார்த்தாள். கறுப்புத் துணியை ஓரமாக விலக்கிப் பின்னால் பார்த்தாள். மணல் வாளியைப் பார்த்தாள். துணியை விட்டாள்.

"நடுவுல கடல்னு ஒருத்தர் பேசினாரே. யாரு அது?"

ஏதாவது நல்லதாகச் சொல்லி முடித்துவிடு என்று நாக்கு துடித்தது. கடைக்காரர் அதைப் பல்லுக்குள் பிடித்து வைத்தார்.

"தெரியலை," என்றார். "நானும் இன்னிக்குத்தான் கேக்கறேன்."

துணியின் சாயம் நிற்குமா என்று பார்ப்பதுபோல் அவள் அவரைப் பார்த்தாள். பிறகு கொண்டியை மூடினாள். டிக்.

"சரி," என்றாள். "நாளைக்கு அவரைப் போன் பண்ணச் சொல்லுங்க."

படியிறங்கிப் போனாள். கடைசிப் படி வரை காலடிச் சத்தம் கேட்டது. பிறகு பட்டறைக் கதவின் சத்தம்.

இயக்குநர் பணத்தோடு வந்தாள். கையில் நிறுத்துக் கடிகாரம். "சார், பேசினபடி மூணு நிமிஷம், அறுநூறு. ஆனா நீங்க இன்னிக்கு மொத்தம் ஏழரை நிமிஷம் சும்மா நின்னிருக்கீங்க. மிச்சம் நாலரைக்குத் தொள்ளாயிரம் வருது. பேரம் பேசட்டுமா, இல்ல கேட்டுட்டு வரீங்களா?"

கடைக்காரர் அறுநூறை மட்டும் எடுத்துக்கொண்டார். "அந்த நாலரை உங்களுக்கு வித்தது இல்லம்மா."

வீட்டுக்குப் போகிற வழியில் கடையைத் திறந்து, திரையை ஒதுக்கி, நின்றபடியே கணக்குநோட்டில் எழுதினார்:

மௌனம் மூன்று நிமிடம், ரொக்கம், அறுநூறு. வரவு.

மௌனம் நாலரை நிமிடம், விலை போடவில்லை.

ஆட்கள்: ஒன்று. அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு, அடிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, அப்படியே விட்டார்.

கடல், நாலு நாள். பாக்கி.